இருக்கை மெத்தையில் ஒரு கறை

சக்கர நாற்காலி டென்னிஸ் இறுதி ஆட்டத்தன்று காலை, உடைமாற்றும் அறையில் சயோரி தன் சக்கர நாற்காலியிலிருந்து ஆட்டத்துக்கான நாற்காலிக்குக் கையூன்றி மாறினாள். காலியான இருக்கை மெத்தையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரமாக ஒரு ரத்தக்கறை. அவளோடு இரட்டையர் ஆடும் மிட்சுயோ, பக்கத்து நாற்காலியில் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தவள், அதைப் பார்த்துவிட்டாள். பார்த்த வேகத்திலேயே ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"மழை வராது போல."

"ஆமா மிட்சுயோ சான், காத்துகூட இல்ல," என்றபடி சயோரி மெத்தைமேல் துண்டைப் போட்டாள்.

அடுத்தவர் கூச்சப்படும்படியான எதையும் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் காட்டிக்கொள்ளக் கூடாது. ஜப்பானின் இந்தக் கியூஷூ தீவில் பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஊட்டுகிற பாடம் இது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே காலம் தள்ளிவிட்ட நானும் அதை மெச்சியவன்தான். ஆனால், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவளுக்கு, உட்கார்ந்தே இருப்பதால் வருகிற புண் வலிக்காது. சத்தமில்லாமல் எலும்புவரை போய்விடும். நாற்காலியிலேயே வாழும் இருவருக்கும் இது தெரியாததல்ல.

மிட்சுயோவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சர்வதேசக் கோப்பை ஒன்றைத் தொட இதுதான் கடைசி வாய்ப்பு. தன்னால் அது கெட்டுப்போகக் கூடாதென்று சயோரி வாயைத் திறக்கவில்லை.

எதிரே நெதர்லாந்து ஜோடி. மூன்றாவது செட்டில் சயோரிக்குக் காய்ச்சல் தூக்கியது. மட்டையோடு சேர்த்துச் சக்கரத்தைத் தள்ளும் கை இரண்டு முறை வழுக்கியது.

"முடியுதா?" என்றாள் மிட்சுயோ.

"முடியுது, முடியுது. நீங்க வலைகிட்டயே நில்லுங்க."

சக்கர நாற்காலி ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்ட இரண்டாம் துள்ளலும் முடிந்து பந்து விழப்போகையில், சயோரி எட்டி அடித்த அடியில் கோப்பை அவர்களுடையதானது.

கைகொடுக்க வந்த நெதர்லாந்துக்காரி மார்லூஸ் குனிந்து பார்த்தாள். "ஏய், உன் சீட்டெல்லாம் ரத்தம். யாராவது டாக்டரக் கூப்பிடுங்க," என்று அரங்கமே கேட்கக் கத்தினாள். சயோரி கூனிக் குறுகிப்போனாள். கூட்டம் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தது.

சீழ் எலும்பை அரித்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தாள். இனி நிமிர்ந்து உட்கார்வதே சந்தேகம், டென்னிஸ் பேச்சே வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர்.

பார்க்க வந்த மிட்சுயோவிடம் சயோரியின் அம்மா ஒரு பலகாரப் பெட்டியை நீட்டி, இடுப்பு மடியக் குனிந்தாள். "எம்பொண்ணால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு. மன்னிக்கணும்."

"ஐயோ, நிமிருங்க. அன்னிக்குக் காலையிலேயே நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

குனிந்த தலை நிமிரவில்லை. "நான் போன வாரமே துணி துவைக்கறப்ப பாத்தேன். அவளா சொல்லுவான்னு இருந்துட்டேன்."

தலையணைக்குள்ளிருந்து சயோரியின் குரல் வந்தது. "என்னால ரெண்டு பேருக்கும் சங்கடம். மன்னிச்சிடுங்க."

மிட்சுயோவுக்குத் தாங்கவில்லை. பலகாரப் பெட்டியை அப்படியே தரையில் வைத்தாள்.

"போதும், மன்னிப்புக் கேட்டதெல்லாம். புண்ணு வந்தவளும் சொல்லல, பாத்த நாமளும் கேக்கல. இனிமே யாரு உடம்புல புண்ணப் பாத்தாலும் வாயத் தொறந்து கேட்டுடுங்கம்மா. அவங்க கூச்சப்படட்டும். கூச்சம் சாயங்காலத்துக்குள்ள போயிடும்."