எலுமிச்சை நுரை

விருந்து முடிந்ததும் மிச்சத்தின் மேல் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றிவிடுவான் எங்கள் விருந்து மண்டபத்து மேனேஜர் தலாய்பெக். வேலைக்காரிகள் கை வைக்கக் கூடாதாம். ரொட்டியை மட்டும் விட்டுவிடுவான். ரொட்டியைக் கெடுக்கக் கிர்கிஸ்காரன் எவனுக்கும் கை வராது, அவனுக்கும்தான்.

அன்று பெண்ணுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்த பகல் விருந்து. விருந்தாளிகள் பையில் கட்டிக்கொண்டு போனது போகவும் தட்டுத் தட்டாகக் கறி கிடந்தது. பெண்ணின் அப்பாவிடம் காலையிலேயே கேட்டு வைத்திருந்தேன். "மிஞ்சினா கொண்டு போம்மா" என்றார். அதை நம்பி, பஸ் நிலையத்துப் பக்கம் வீடில்லாதவர்கள் தங்கும் கொட்டகையில் சமைக்கிற புருலிடம் இன்று அடுப்பு மூட்ட வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வெளியே பனி கொட்டியது. அங்கே எல்லாரும் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள்.

"அண்ணே, வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. எடுத்துக்கறேன்."

"அவரு சொல்லிட்டுப் போயிடுவாரு. உன் குடிகாரப் பயலுங்க தின்னுட்டு வயித்தால போனா போலீஸ் என்னத்தான் தேடும்."

"நீங்க வாராவாரம் கொண்டு போறீங்களே, உங்க வீட்ல யாருக்காவது வயித்தால போச்சா?"

சமையல்காரிகள் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்தது. பாட்டிலை எடுத்து எல்லாத் தட்டிலும் பீய்ச்சினான். பிறகு, கதவோரம் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்த பேசினைப் பார்த்தான்.

"ஓ, இது உன் பதுக்கலா?"

"அது வந்து..."

"வாய மூடு, சைராகுல்."

மூடிக்கொண்டேன். துணியைத் தூக்கி ஊற்றினான், மறுபடி மூடினான்.

அது சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பங்கு. செம்மறியின் கொழுப்புவாலும் குதிரை விலாவும். அது இல்லாமல் சம்பந்தியை அனுப்புவது, வாசலில் வைத்துக் கன்னத்தில் அறைவது போல.

மாப்பிள்ளையின் அம்மாவே எடுக்க வந்தாள். துணியை விலக்கினாள். கொழுப்பின் மேல் நுரை. எலுமிச்சை வாசம்.

"எங்களை என்னன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? நாயா நாங்க?"

பெண்ணின் அப்பா ஓடி வந்தார். தலாய்பெக் என்னைக் கை காட்டினான். "இவதான் ஊத்தினா, சம்பந்தியம்மா. திமிர் பிடிச்சவ."

"பாட்டில் அவன் கையில இருக்கு, அம்மா," என்றேன். "உங்களுக்குக் கறிதானே வேணும்? இந்த விருந்துக் கறிதான், நல்லதாப் பொறுக்கி ரெண்டு பை அவன் கார் டிக்கியில இருக்கு. சாவிய வாங்குங்க."

பெண்ணின் அப்பா அவன் சட்டைப் பைக்குள் தானே கை விட்டார்.

ஒரு பையைச் சம்பந்தியம்மா வாங்கிக்கொண்டாள். இன்னொன்றை நான் பிடித்தேன். தலாய்பெக் மறுமுனையைப் பிடித்தான்.

"விடுடி. நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத."

"வரல. நீ பைய விடு."

"விடுடா திருட்டு நாயே," என்றாள் சம்பந்தியம்மா. விட்டான்.

அந்தப் பையோடு ரொட்டி மூட்டையையும் சுமந்து போனேன். புருல் கறிப் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இத்தன பேருக்கு இதுதானா?"

"ரொட்டி இருக்கு."

"உன் பேச்சக் கேட்டு அடுப்பக் கூட மூட்டல. இனிமே வாக்குக் குடுக்காத."

கறியைப் பொடிப்பொடியாக நறுக்கி அண்டாவில் போட்டாள். தண்ணீரை ஊற்றினாள். நிறைய ஊற்றினாள்.