ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

வசந்தன் மல்லாந்து படுத்து, தலையைப் பிரேக் மிதிக்கு அடியில் நுழைத்திருந்தார். கால்கள் கார்க் கதவுக்கு வெளியே போர்ச்சின் சிமெண்டுத் தரையில் நீண்டிருந்தன. ஆயில் பிரஷர் மீட்டரின் வயரை இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். ரப்பர் துளையில் அது சிக்கி நின்றது.

"வந்துடுச்சா?"

ஹாலின் ஜன்னல் வழியாக மனைவியின் குரல் வந்தது.

"வரும், இரு."

"சவுக்காரத் தண்ணி தொட்டு இழுங்க. வழுக்கிட்டு வந்துடும்."

அவர் எழுந்து போய் வாளியிலிருந்த சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வந்து, வயரில் தடவி இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுக்கே தெரிந்திருக்கும்.

பாக்கியலட்சுமியின் கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போடச் சொன்னது அவள்தான். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்த புதிதில் வசந்தன் நாற்காலியைக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தே இருந்தார். ஒருநாள் மதியம் அவள் சொன்னாள்: "இப்படி என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா எனக்குத்தான் பயமா இருக்கு. போயி வேலையப் பாருங்க. சத்தம் கேட்டாப் போதும்."

அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை.

வேலை என்றால் இந்த வீட்டில் அது இருவருடைய வேலை. கல்யாணத்துக்கு முன்பு நியாலாஸ் தோட்டத்திலிருந்து பேக்டரி பஸ்ஸில் மலாக்காவுக்குப் போய், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நாளெல்லாம் பூதக்கண்ணாடிக்குக் கீழே வயர்களை ஒட்ட ஈயம் உருக்கி வைத்தவள் பாக்கியலட்சுமி. வசந்தன் பெம்பானில் வீட்டு போர்ச்சிலேயே கார்களுக்கு மீட்டரும் ஸ்கிரீனும் பொருத்த ஆரம்பித்தபோது, அவர் ஒட்டிய வயர்களைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து ஈயம் வைப்பது அவள், பொருத்துவது அவர். இந்தக் காரின் வயர்களுக்கும் அவள்தான் வைத்திருந்தாள், கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்பு.

கார் கிஷன் என்ற இளைஞனுடையது. பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே கதவு. இன்ஜினுக்கு வேறொரு பட்டறையில் டர்போ போட்டாகிவிட்டது. ரேடியோ இருந்த இடத்தில் மூன்று வட்ட மீட்டர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தான். டேஷ்போர்டின் மேல்மூடி கழன்று பின்சீட்டில் கிடந்தது. வயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

வசந்தன் முதல் மீட்டருக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். முள் எழுந்தது. மீட்டர் முகத்தின் விளக்கு எரிந்தது.

"லெச்சுமி, லைட்டு பச்சையிலயும் வைக்கலாம், வெள்ளையிலயும் வைக்கலாம். எது?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"பச்ச வேணாம். பேய் வீடு மாரி இருக்கும். வெள்ளையே போடுங்க லா."

அவர் சிரித்தார். மறுபடி உள்ளே படுத்துக்கொண்டார். இரண்டாவது மீட்டரை மாட்டியபின், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பதில் இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்தார். வலி நாளெல்லாம் தூங்கவிடாமல் வைத்திருந்தது அவளை. ஸ்பேனரைத் தரையில் வைக்காமல் துணியின் மேல் வைத்தார். ஸ்க்ரூக்களைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அவள் இவ்வளவு நேரம் தூங்குவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மகள் ஷாந்தினி ஆபீஸிலிருந்து வந்ததை, தன் காலைத் தாண்டிப்போன செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"ப்பா."

"மெதுவாப் பேசும்மா. அம்மா தூங்குறா."

"ப்பா, வெளிய வாங்க."

"கையில வயர் இருக்கு, இதோ…"

"ப்பா, அம்மா ஜில்லுன்னு இருக்காங்க."

எழுந்தபோது நெற்றி டேஷ்போர்டின் இரும்பில் இடித்தது. வலிக்கவில்லை.

பக்கத்துத் தெரு கிளினிக்கின் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் நடந்த சாவு என்பதால் போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்றார்கள். ஷாந்தினி தன் காரை ஓட்டினாள். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் அனுதாபமாகத்தான் கேட்டார், எத்தனை மணிக்கு இறந்தார் என்று.

வசந்தன் வாயைத் திறந்தார். போலீஸ்காரர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். சுவரில் காற்றாடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது.

ஷாந்தினி தான் வீட்டுக்குள் நுழைந்த நேரத்தைச் சொன்னாள். அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்.

மறுநாள் காலை கூடாரம் போடுகிறவர்கள் வந்தபோது கார் இடைஞ்சலாக இருந்தது. டேஷ்போர்டு திறந்து கிடந்ததால் ஸ்டார்ட் ஆகாது. தள்ளித்தான் நகர்த்த வேண்டும். செய்தி கேட்டு வந்திருந்த கிஷன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, வந்தவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். பாக்கியலட்சுமியின் அண்ணன் சேகரன் தள்ளவில்லை. ஜன்னல் வழியாகக் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி உள்ள உசுர விட்டிருக்கா. இவரு இங்க காருக்குள்ள படுத்துக் கெடந்திருக்காரு," என்று பொதுவாகச் சொன்னார். "செத்ததுகூடத் தெரியல. புள்ள வந்து சொல்ல வேண்டியிருக்கு."

கார் தெருவோரம் போய் நின்றது. வசந்தன் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை எடுத்து முட்டுக் கொடுத்தார்.

குளிப்பாட்டி, கல்யாணப் புடவை கட்டி, பூ வைத்து முடித்தபின் பெண்கள் அவரைக் கூப்பிட்டார்கள். நெற்றியில் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். அவர் கையை நீட்டினார். நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு. காலையில் துணி சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தட்டைப் பிடித்திருந்த ஷாந்தினி அந்த விரல்களைப் பார்த்தாள். அவர் குங்குமத்தைத் தொட்டு வைத்தார். பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது. யாரோ ஒருத்தி முன்னால் வந்து அதைச் சரிசெய்தாள்.

பெட்டி போனது. எரியூட்டினார்கள். நடந்ததெல்லாம் வசந்தனுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலிருந்தது. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்தார்.

அஸ்தியைக் கரைக்க உம்பாய் கடற்கரையிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் போனார்கள். கடல் கலங்கலாக இருந்தது. சட்டியைத் துணியோடு இறக்கும்போது வசந்தனின் கண் படகு மோட்டாரின் பேட்டரியில் நின்றது. ஈயம் வைக்காமல் வயரை முறுக்கி டேப் மட்டும் சுற்றியிருந்தார்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது.

"இத மாத்திடணும்," என்றார் படகுக்காரரிடம். "நடுக்கடல்ல நின்னுடும்."

படகுக்காரர் தலையாட்டினார். சேகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷாந்தினி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி நனைந்து, சட்டி மூழ்கியது.

வீட்டுக்கு வந்தபோது கூடாரத்தைப் பிரித்திருந்தார்கள். கிஷன் நான்கு பேரைப் பிடித்துக் காரைப் போர்ச்சுக்குள் தள்ளி வைத்திருந்தான்.

"மழை வர்ற மாரி இருக்கு அங்கிள், உள்ள ஈரமாயிடும்னுதான். நீங்க அவசரப்படாதீங்க. எப்ப முடியுதோ அப்பச் சொல்லுங்க."

"சரி," என்றார் வசந்தன்.

உள்ளே உறவினர்கள் கடையிலிருந்து வந்த சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். அவருக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. வெளியே வந்து, காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை.

சிறிது நேரத்தில் ஷாந்தினி வந்தாள். சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். சீட்டில் கிடந்த, கரண்ட் பார்க்கும் டெஸ்ட் லைட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலை வெளியே விட்டபடி உட்கார்ந்தாள். கதவு திறந்தே இருந்தது.

"மாமா சொல்றாரு, நீங்க அம்மா பக்கத்துல போகவே இல்லன்னு."

வசந்தனிடம் ஒரு பதில் இருந்தது. போயி வேலையப் பாருங்க, சத்தம் கேட்டாப் போதும். இப்போது சொன்னால், தப்பித்துக்கொள்ள, செத்துப்போனவளைச் சாட்சிக்கு இழுத்தது போலாகிவிடும் என்று தோன்றியது.

"தூங்குறான்னு நெனச்சேம்மா," என்றார்.

ஷாந்தினி டெஸ்ட் லைட்டின் வயரை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"கடைசியா என்ன பேசுனாங்க?"

"பச்ச லைட்டு வேணாம்னா."

"என்னது?"

"மீட்டருக்கு. பச்ச வச்சா பேய் வீடு மாரி இருக்குமாம். வெள்ளையே போடுங்க லான்னா."

ஷாந்தினியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் தொடங்கியது. புறங்கையால் வாயை அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கி அடங்கும்வரை வசந்தன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை அவள் பக்கம் கொண்டுபோனார். பாதியில் கியர் மேல் வைத்துக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா கொடியிலிருந்த துணிகளை அவசரமாக அள்ளிக்கொண்டு போனாள்.

"இது என்ன மீட்டர்?" என்று கேட்டாள் ஷாந்தினி. இத்தனை வருடத்தில் அவள் கேட்டதில்லை.

"ஆயில் பிரஷர்."

"இது?"

"ஆயில் சூடு."

"இந்த ஓட்டை?"

"அங்க இன்னொன்னு வரணும்."

"ஷாந்தினி!" உள்ளேயிருந்து சேகரனின் குரல் கேட்டது. "அங்க என்ன பண்ற? உள்ள வா, சாப்புட."

"வரேன் மாமா," என்றாள்.

திறந்திருந்த கதவு வழியாகச் சாரல் அவள் பாதத்தில் விழுந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.