எழுந்தவள் உட்காரக் கூடாது

தவுசியை ஊர் பார்க்க ஒரு வழி பண்ணிவிடுவது என்று சிவேமா முடிவு கட்டிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினாறு நாளும் சாப்பிட்டாளோ இல்லையோ, அந்தப் பாட்டைப் போனில் கேட்காமல் அவள் படுக்கவில்லை. மூன்றாவது சரணத்துக்கு முன்னால் கீபோர்டுக்காரன் எத்தனை சுற்று வாசிப்பான் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம்.

பாட்டு ஸம்தாவுடையது. ஸம்தா யார் என்று தண்டிக்கா சந்துப் பக்கம் வந்து கேட்டுவிடாதீர்கள், அடிக்க வருவார்கள். படத்தில் அவள் இரண்டாம் பெண்டாட்டியாக வந்து கண்ணை ஒரு உருட்டு உருட்டினால் சந்து முழுக்க டிவியைப் பார்த்துத் திட்டும். மறுநாள் அவள் கட்டிய மாதிரியே தலைத்துணி கட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகும். அப்பேர்ப்பட்டவள் இப்போது, ஒருத்தியை ஒருத்தி குத்திக்காட்டுகிற தாராப் பாட்டு பாடக் கிளம்பிவிட்டாள். நகரத்தின் மறுபக்கம் மகோமேனியில் ஒரு நைட் கிளப்பில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, முதல் முறையாக நேரில் பாடப் போகிறாள். சந்துப் பெண்கள் பதினாலு பேரும் ஒரே ஊதாத் துணி எடுத்து, தரையைத் தொடுகிற மாதிரி அங்கி தைத்துக்கொண்டார்கள். அந்தப் பதினாலில் சிவேமாவும் உண்டு, தவுசியும் உண்டு. என்ன செய்வது, எதிரிக்கும் அதே நடிகையைத்தான் பிடித்துத் தொலைத்திருக்கிறது!

சிவேமா முடி பின்னுகிறவள். தவுசி எதிர்வீட்டு விதவை. ஒரு கல்யாணத்தில் சிவேமா பின்னிவிட்ட பெண்ணுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முந்தின நாளே அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் சுருட்டை முடியை நேராக்கும் கிரீமை அப்பிக்கொண்டிருந்தாள். அது சிவேமாவுக்கே பிறகுதான் தெரியும். ஆனால் தவுசி குழாயடியில் நின்றுகொண்டு, "சிவேமா கை பட்டா முடி நிக்காதும்மா" என்று ஒரு வார்த்தை விட்டாள். அவ்வளவுதான். சிவேமா வீட்டில் வரிசையாகக் கிடந்த மூன்று ஸ்டூலில் இப்போது பூனைதான் தூங்குகிறது. பதினைந்து வருஷத்துத் தொழில் ஒரு வார்த்தையில் போயிற்றே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

வீடு தேடிப்போய்ச் சண்டை போட்டிருக்கலாம். அதெல்லாம் ஒருநாள் கூத்து. தாராப் பாட்டில் கொடுக்கிற அடிதான் வருஷக்கணக்கில் நிற்கும். எந்தச் சரணத்துக்கு எழுந்து, பண நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிப் போய்ப் பாடகி கையில் கொடுக்கிறாயோ, அந்தச் சரணம் உன் எதிரிக்கு. பெயர் சொல்ல வேண்டியதில்லை, ஊரே திரும்பிப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒன்று, எழுந்தவள் எழுந்தவள்தான். பாதியில் பயந்து உட்கார்ந்தால் அந்தச் சரணம் அவள் மேலேயே ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது சரணம் நீள நாக்குக்காரியைப் பற்றியது, தவுசிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி.

கிளப்பில் கூட்டம் நெருக்கியது. கம்பியில் சுட்ட இறைச்சியின் புகை கூரையில் முட்டி நின்றது. ஊதாக்காரிகள் மேடைக்கு நேரே இரண்டு மேஜைகளைப் பிடித்தார்கள். அணித் தலைவி மீன் பொரிக்கிற ஷானி. விவரம் தெரிந்தவள், சிவேமாவை ஒரு மேஜையிலும் தவுசியை மற்றதிலும் உட்கார வைத்தாள்.

பக்கத்தில் வேறொரு பாடகியின் ஆட்கள், எல்லாரும் பச்சை. அதில் ஒருத்தி வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள்: "இவ எங்க பாடப் போறா? டேப்பு ஓடும், வாயி அசையும். படத்துல அழுவுறதே கிளிசரின்ல!"

"ஏண்டி பச்சக்கிளி, உங்க ஆளு பாடுனா வீட்டுல குழந்தை அழுவுது. மொதல்ல அதப் பாரு" என்றாள் ஷானி. பிறகு சிவேமாவின் காதில், "நீ என்னமோ பண்ணப் போற. உன் மூஞ்சியே சொல்லுது. வேணாம்டி, ஸம்தாவுக்கு இன்னைக்கு மொத நாளு."

"ஸம்தாவுக்கு மரியாதைதான் பண்ணப் போறேன். அந்த மரியாதை யாரு தலைல விழுதுன்னு மட்டும் பாரு."

"உன்னத் திருத்த முடியாது" என்று ஷானி சோடாவைத் திறந்தாள்.

ஸம்தா வந்தாள். தங்க நிறத்தில் அங்கி, கையில் மைக், மைக்கில் நடுக்கம். திரையில் புருஷனையே மிரட்டுகிற அந்தக் கண் இங்கே கதவு எங்கே இருக்கிறது என்று தேடியது. முதல் சரணம் தொண்டைக்குள்ளேயே நின்றது. பச்சைக்காரிகள் சிரித்தார்கள். ஊதாக்காரிகள் பதினாலு பேரும் எழுந்து நின்று குலவையிட்டார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டாவது சரணத்தில் கரை ஏறினாள்.

கீபோர்டு சுற்றத் தொடங்கியது. முதல் சுற்று. தவுசி இந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? வரட்டும், வாங்கிக்கொள்கிறேன் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். மேடைக்குப் போக ஆட்களை விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும், சரணம் ஆரம்பிப்பதற்கு முன்பே கிளம்பினால்தான் சரியாக இருக்கும். இரண்டாவது சுற்றில் சிவேமா எழுந்தாள். நோட்டைத் தலைக்கு மேல் தூக்கினாள். தவுசியின் மேஜையை ஒட்டி, இடுப்பை ஒடித்து, நிதானமாக ஆடிக்கொண்டு போனாள். கூட்டம் புரிந்துகொண்டது. ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்தார்கள்.

ஸம்தா வாயைத் திறந்தாள்.

"இன்னொருத்தி விரிச்ச பாயில இடம் பிடிச்சவளே,
எந்திரிச்சுப் போனவ அழுதது உனக்குக் கேக்கலையா?"

சிவேமா பாதி ஆட்டத்தில் நின்றாள். இது நாலாவது சரணம்! பதற்றத்தில் மூன்றாவதை முழுசாக விழுங்கிவிட்டாள் பாவி மகள்.

"தப்பாப் பாடுறாடி!" என்று பின்னால் ஷானி மேஜையைத் தட்டிக் குதித்தாள். "டேப்பு தப்பாப் பாடுமா? கேட்டுக்கங்கடி பச்சைங்களா!"

ஆனால் மற்றவர்கள் ஷானியைப் பார்க்கவில்லை, தவுசியைப் பார்த்தார்கள். "ஐயையோ, கொண்டோவா?" என்றாள் ஒருத்தி. "அதான பாத்தேன். போன மாசம் அவன்தான இவ வீட்டுக் கூரைத் தகரத்த மாத்திக் குடுத்தான்!" என்றாள் இன்னொருத்தி. கொண்டோ சிவேமாவின் புருஷன். தகரத்தை மாற்றச் சொல்லி அனுப்பியதே சிவேமாதான். அப்போது சண்டை இல்லை.

தவுசியின் முகம் வெளுத்துவிட்டது. நாக்குக்காரி என்றால் தாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவள், இதற்குத் தயாராக வரவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரு நொடி சிவேமாவுக்கு அது இனித்தது. கேட்டதைவிடப் பெரிய அடி, அதுவும் தானாக விழுந்திருக்கிறது. இரண்டு எட்டு வைத்து நோட்டைக் கொடுத்துவிட்டால் நாளைக்குத் தவுசி குழாயடிக்கே வர முடியாது. அடுத்த நொடி அந்த இனிப்பு அப்படியே கசந்தது. சந்தில் விட்ட பொய் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் வீட்டு ஸ்டூல்களைக் கேட்டால் சொல்லும். சரி, உட்கார்ந்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. பயந்து உட்கார்ந்தவள் என்று பச்சைக்காரிகள் பாட்டுக் கட்டுவார்கள்.

அதைவிட அவளைக் குத்தியது அந்த இரண்டாவது வரி. எந்திரிச்சுப் போனவள் கொண்டோவின் முதல் பெண்டாட்டி மோஸா. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தூரத்து லிண்டிக்குப் பஸ் ஏறிப் போனாள். கொண்டோ அவளை அனுப்பிவிட்ட பிறகுதான் அவனைப் பார்த்தேன் என்று சிவேமா எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறாள். அது பொய். மோஸா அழுததைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டிருக்கிறாள்.

சிவேமா நடந்தாள். இப்போது ஆட்டம் இல்லை, நேராக நடை. மேடையில் ஏறி ஸம்தாவின் கையில் நோட்டை வைத்தாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். தவுசி பக்கம் கையை நீட்டப் போகிறாள் என்று எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். அவள் தன் நெஞ்சில் அடித்துக் காட்டினாள். ஒரு முறை, இன்னொரு முறை. புரியாத மண்டைகளுக்காக மூன்றாவது முறை.

ஸம்தா அவள் முகத்தைப் பார்த்தாள். நடிகை ஆயிற்றே, ஒரு காட்சி கையில் கிடைத்தால் விடுவாளா? நடுக்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அதே சரணத்தை மறுபடி எடுத்து, சிவேமாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, தொண்டையைத் திறந்து பாடினாள். சிவேமா தலையைக் குனியாமல் நின்று முழுசாக வாங்கிக்கொண்டாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. பச்சை மேஜையில்கூட ஒருத்தி குலவையிட்டாள்.

அவள் இறங்கி வந்து உட்கார்ந்தாள். "பைத்தியக்காரி" என்று ஷானி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சந்து பேசும்டி."

"பேசட்டும். நெசத்ததான பேசும்."

மேடையில் கீபோர்டுக்காரன் ஸம்தாவுக்கு மூன்று விரலைக் காட்டினான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். விட்டுப்போன சரணத்தை எடுத்தாள்.

"அடுத்த வீட்டுக் கதைக்கு ஆளத் தேடும் வாயே,
ஒன் கதைய எடுத்தா இந்த ஊரு தூங்குமா?"

தவுசி எழுந்தாள். போச்சு, பதிலடி என்று கூட்டம் மூச்சைப் பிடித்தது. அவள் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று மேடை ஏறி, நோட்டைக் கொடுத்து, சிவேமா இருந்த பக்கம் திரும்பினாள். பிறகு தன் வாயிலேயே நாலு விரலால் பட்டென்று போட்டுக்கொண்டாள். ஷானி வைத்த குலவையில் சோடா பாட்டில் உருண்டது.

இறங்கியவள் தன் மேஜைக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து சிவேமாவின் பக்கத்தில் போட்டாள்.

"நாளைக்குக் காலைல வர்றேன். தலை பின்னி விடு" என்றாள் தவுசி.

"யாருக்கு?"

"எனக்குத்தான். உள்ள வேணாம், ஸ்டூல வாசல்ல போடு. தண்ணி பிடிக்க வர்றவளுக எல்லாம் பாத்துட்டுப் போகட்டும்."

சிவேமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இறுக்கித்தான் பின்னுவேன். வலிக்கும், இப்பவே சொல்லிட்டேன்."