பெண்கள் பக்கம்

காரிமங்கலம் போகும் சாலையில் கன்னியர் நடத்திவந்த முதியோர் இல்லத்துக்கு அல்போன்சும் அவர் மனைவி மிக்கேலம்மாளும் வந்து சேர்ந்தது எழுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசியில். கடத்தூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் கொள்ளும் விதைத்துப் பிழைத்தவர்கள். பிள்ளைகள் இல்லை. அந்த மழையில் வீட்டின் பின்சுவர் இடிந்து விழுந்ததும் பங்குச்சாமியார் சொல்லி இல்லத்தில் இடம் வாங்கித் தந்தார். அல்போன்ஸ் உடனே சரி என்றுவிட்டார். துணிமணியை மூட்டை கட்டு என்று அவர் சொன்னபோதுதான் மிக்கேலம்மாளுக்கு விஷயமே தெரியும்.

இல்லத்தின் தலைவி மங்களூர்க்காரர். எல்லாரும் அவரை மதர் என்றார்கள். இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்தி இல்லத்தின் சட்டங்களைச் சொன்னார். வெற்றிலை, புகையிலை கூடாது. குளிப்பதற்கு முறை உண்டு. வெளியிலிருந்து வரும் பலகாரத்தை ஒளித்து வைத்துத் தின்னக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் அல்போன்ஸ் தலையாட்டினார்.

"ஆம்பளைங்க இந்தப் பக்கம். பொம்பளைங்க அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு முற்றத்தில உட்காந்து பேசிக்கலாம்."

அல்போன்சுக்குத் தன் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

"நாங்க புருசன் பொண்டாட்டிங்க மதர்."

"தெரியும் ஐயா. யாரா இருந்தாலும் அதான் சட்டம். இங்கே இருக்கிறது ரெண்டே கூடம்."

மாமனார் செத்த வீட்டுக்குக்கூட மனைவியைக் காலையில் அனுப்பி மாலையில் திரும்ப அழைத்துக்கொண்டவர் அல்போன்ஸ். மிக்கேலம்மாள் அழுவாள் என்று திரும்பிப் பார்த்தார். அவள் தன் மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, கூப்பிட வந்த சிஸ்டரின் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். பாவம், அதிர்ச்சியில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்தார்.

ஆண்கள் கூடத்தைப் பார்த்துக்கொண்டவன் மாதப்பன். முதல் நாள் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்த அல்போன்சை அவன் நிறுத்தினான்.

"ஐயா, அவங்கவங்க தட்டை அவங்கவங்கதான் கழுவோணுங்க."

"நானா?"

"வேற யாருங்க இருக்கறாங்க?"

சுற்றிலும் இருந்த கிழவர்கள் எல்லாம் தட்டோடு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அல்போன்ஸ் தட்டைத் தண்ணீரில் காட்டி எடுத்தார். எச்சில் போகவில்லை. மாதப்பன் சாம்பலை நீட்டினான். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வேட்டி துவைப்பது, படுக்கை மடிப்பது, இருமல் வந்தால் சுடுதண்ணீர் கேட்டு வாங்குவது, எல்லாம் அப்படித்தான். அவர் மதரின் அறை வாசலில் போய் நிற்கத் தொடங்கினார்.

"கோயில்ல சாமியாரு முன்னாடி கட்டிவெச்ச கட்டுங்க இது. நீங்க பிரிக்கறது நாயமாங்க? அவ அங்க என்ன பாடு படறாளோ. என்னைப் பாக்காம அவளுக்குச் சோறு எறங்காதுங்க."

மதர் முதலில் சமாதானம் சொன்னார். அல்போன்ஸ் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கியதும் அவருக்கு மனம் கேட்கவில்லை. பெங்களூரில் இருந்த தலைமை மடத்துக்கு எழுதிக் கேட்டார். தம்பதிகளுக்கு விதிவிலக்குத் தரலாம் என்று அனுமதி வந்தது. சமையற்கட்டுக்குப் பின்னால் சாமான் அறை ஒன்றிருந்தது. அதைக் காலி செய்து, வெள்ளையடித்து, இரண்டு கட்டில் போட்டார்கள். அல்போன்ஸ் நாளெல்லாம் அதன் வாசலிலேயே நின்று வேலையாட்களை விரட்டினார். இப்போது அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மதர் இருவரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். பெண்கள் கூடத்திலிருந்து மிக்கேலம்மாளோடு அவளுடைய பக்கத்துக் கட்டில்காரி பெரியம்மாளும் வந்தாள். மிக்கேலம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"உங்களுக்குன்னு தனி அறை தயார் ஆயிட்டுது அம்மா. இனிமே ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம்," என்றார் மதர்.

மிக்கேலம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போய் மூட்டையை எடுத்துக்கிட்டு வா," என்றார் அல்போன்ஸ்.

"நான் வரலீங்க."

"என்ன சொன்ன?"

அவள் மதரைப் பார்த்துப் பேசினாள்.

"மொதல்ல சொன்னீங்களே ஒரு சட்டம், அதுவே இருக்கட்டுங்க மதர். நான் அந்தப் பக்கமே இருந்துக்கறேன்."

மதர், "ஏன் அம்மா? அவர் உங்களை அடிப்பாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வயசு காலத்துல அடிச்சிருக்காரு. இப்ப இல்லீங்க. அதுக்காவ சொல்லலீங்க." அவள் மதர் பக்கம் நகர்ந்தாள். "அவரு கண்ணு முழிக்கறதுக்கு முன்ன எந்திரிச்சே எனக்குப் பழக்கம். இங்க வந்து மொத நாளு மணி அடிச்சப்புறந்தான் எந்திரிச்சேன். யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. ஒரு அம்மா சோத்துத் தட்டைக் கொண்டாந்து கையில குடுத்தாங்க. நான் முழிச்சிக்கிட்டு நிக்கறேன், யாருக்குக் குடுக்கறாங்கன்னு தெரியாம. எனக்குத்தான்னாங்க."

பெரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மிக்கேலம்மாள் அழவில்லை.

"இன்னும் கொஞ்ச காலந்தானுங்க இருப்பேன். அதுவரைக்கும் இப்பிடியே இருந்துட்டுப் போறனே."

அத்தனை பேர் முன்னால் அவள் இவ்வளவு பேசி அல்போன்ஸ் கேட்டதில்லை. தனியாக இருக்கும்போதும் கேட்டதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் கூடத்துக்கு நடந்தார்.

மறுநாள் காலை ஒருவரிடமும் சொல்லாமல் கடத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார். தம்பி மகன் வீட்டில் இருந்தார். அங்கே எல்லாரும் காட்டு வேலைக்குப் போய்விட, மூடி வைத்த களியைத் தனியே உட்கார்ந்து தின்றார். 'ஆயா ஏன் வரல' என்று கேட்டவர்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னார். நடந்ததை வாய்விட்டுச் சொன்னால் தனக்கே நம்ப முடியாது போலிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் இல்லத்து வாசலில் வந்து நின்றார். சொல்லாமல் போனவருக்கு மறுபடி இடமில்லை என்பதும் ஒரு சட்டம். மதர் அதைக் கண்டுகொள்ளாமல் பழைய கட்டிலையே கொடுத்தார். புது அறை அதியமான்கோட்டையிலிருந்து வந்த வேறொரு தம்பதிக்குப் போயிற்று.

பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் முற்றத்துக்கே போகவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு நாள் போனார். மிக்கேலம்மாள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. வேலை சொல்லித்தான் அவளிடம் அவருக்குப் பேச்சுப் பழக்கம்.

"அங்க பொழுது எப்பிடிப் போவுது?" என்று கேட்டுவைத்தார்.

"பெரியம்மாகூடப் பேசிட்டிருப்பேன். அந்தம்மா எங்க குல்லி மாதிரியே சிரிக்குதுங்க."

"யாரு குல்லி?"

"என் தங்கச்சிங்க. எட்டு வயசுல அம்மை வாத்து செத்துட்டாளே."

அல்போன்ஸ் அவளையே பார்த்தார். அவளுக்கு ஒரு தங்கை இருந்ததே அவருக்குத் தெரியாது.

"எங்கிட்ட நீ சொன்னதில்லையே," என்றார்.

"நீங்க கேக்கலீங்க," என்றாள் அவள், குற்றம் சொல்லும் குரலில் அல்ல.

அவர் கொஞ்சம் நகர்ந்து நிழலுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ள எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார்.