புதருக்குள்ளிருந்து வராத பதில்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. அந்தச் சிரிப்பு வந்திருக்கவே கூடாது.

சமையலறையில் குழாய் திறந்திருந்தது. கூடத்தில் என் கணவர் போனில் யாரிடமோ தன் பெருமையை அளந்துகொண்டிருந்தார். (வீட்டில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். வைத்தது அவருடைய அக்கா.) நான் பாத்திரம் தேய்த்தபடி, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், “ஆரம்பிச்சுட்டாருய்யா, இனி பேட்டரி தீர்ந்தாத்தான் நிக்கும்” என்று முணுமுணுத்தேன். எனக்குப் பின்னால் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த நாத்தனார் பக்கென்று சிரித்துவிட்டார்.

என் நாத்தனாருக்குக் காது கேட்காது. அதாவது, முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்தக் குடும்பம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது.

குழாயை மூடினேன். “அக்கா, உங்களுக்குக் கேட்டுச்சா?”

அவர் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “கத்தாதடி” என்றார்.

நான் கத்தவே இல்லை. கிசுகிசுத்தேன்.

அதன் பிறகு பல மத்தியானங்களில், துணி மடிக்கிற சாக்கில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, “எழுதிக்கோ. உன் புருஷன் நீ எழுதுறத எங்க படிக்கப் போறான்?” என்றார். அது சரிதான். என் கதைகளில் அவர் தலைப்பைத் தாண்டியதில்லை. பாராட்டு மட்டும் தாராளமாக வரும்.

(இனி கதைக்குள் நாத்தனாரை ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன். பதினாறு வயதுப் பெண்ணை ‘அவர்’ என்று எழுதினால் பேனா சிரிக்கும்.)

2

முதல் தொடக்கம்: கல்குவாரிக்குப் பின்னாலிருந்த சரிவில், கறுத்துக் கனிந்த பழங்களின் மீது இளவெயில் மெல்ல—

(வேண்டாம். அன்று வெயில் எப்படி இருந்தது என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும், நான் செடியத்தான் பாத்தேன்” என்றாள்.)

இரண்டாவது தொடக்கம்: கேட்பதும் பதில் சொல்வதும் வெவ்வேறு உறுப்புகளின் வேலை என்று நாம் நினைக்கிறோம். ஆனால்—

(இது கட்டுரை. ஞாயிறு மலருக்கு அனுப்பலாம்.)

மூன்றாவது தொடக்கம்: அப்பா லிப்ட் மெக்கானிக்.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அப்பா லிப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் ஊரை மேலேயும் கீழேயும் அனுப்பிக்கொண்டிருந்த மனிதருக்கு, லீவு நாளில் தானே ஏறி இறங்க வேண்டும். பழக்காலம் வந்துவிட்டால் போதும், விடிந்ததும் விடியாததுமாக அம்மா, அவள், தம்பி ரேடியோ என்று எல்லோரையும் கிளப்பிவிடுவார்.

கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் பின்னால் ஒரு சரிவு. ஆள் உயரத்துக்கும் மேலே முள்புதர்கள். அதில் விரல்நுனி அளவுக்குக் கறுப்புப் பழம். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. அப்பா பால்பவுடர் டின்களில் துளை போட்டுக் கயிறு கோத்திருந்தார். கழுத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். கிளையை வளைக்கக் கெட்டிக் கம்பியில் கொக்கி. தொட்டதும் கையோடு வந்தால் பழம். இழுக்க வேண்டியிருந்தால் அது காய், விட்டுவிட வேண்டும். டின்னின் அடி மறைகிறவரை யாரும் வாயில் போடக்கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது. எல்லார் நாக்கும் ஊதாவாக இருக்கும், எல்லாரும் சத்தியம் செய்வார்கள்.

இன்னும் இரண்டு சட்டங்கள் உண்டு. அவைதான் இந்தக் கதை.

ஒன்று: புதுச் செடியை யார் கண்டுபிடித்தாரோ, அந்த வருஷம் முழுக்க அது அவர் செடி. அவர் கூப்பிடாமல் வேறு யாரும் அதில் கை வைக்கக்கூடாது. அப்பாவே ஆனாலும் சரி.

இரண்டு: புதருக்குள் போய்விட்டால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் அப்பா அவ்வப்போது குரல் கொடுப்பார்: “இருக்கீங்களா?” அம்மா, அவள், ரேடியோ என்ற வரிசையில் “இருக்கேன்” வர வேண்டும். ஒரு “இருக்கேன்” குறைந்தாலும் எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிற்க வேண்டும்.

(ரேடியோ மட்டும் “இருக்கேன்” என்பதோடு நிறுத்தமாட்டாராம். எந்தப் பக்கம் இருக்கிறார், எத்தனை முள் குத்தியது, அடுத்து என்ன செய்யப்போகிறார் எல்லாம் வரும். நான் நம்புகிறேன்.)

4

முந்தின வாரம் அவள் ஒரு செடி கண்டுபிடித்திருந்தாள். தனியாக. அந்தச் சரிவில் அதுவரை யாரும் பார்க்காத பெரிய செடி. பாதிதான் கனிந்திருந்தது. அடுத்த வாரம் வந்து பறிக்கலாம் என்று ஒரு பழம்கூடத் தொடாமல் விட்டு வந்தாள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அந்தச் செடியை நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

போய்ப் பார்த்தால் செடி மொட்டை. கிளைகள் முறிந்து தொங்கின. காயைக்கூட விட்டுவைக்கவில்லை.

அப்பா தலையைச் சொறிந்தார். “நான் லிப்ட் பாக்குற பில்டிங் மேனேஜர் ஆசையா கேட்டாரும்மா, இடத்தச் சொன்னேன். குடும்பத்தோட வந்திருப்பாரு போல. ஒரு செடிதானே?”

“அது என் செடி.”

“சரி, விடு. வேற செடியா இல்ல?”

ரேடியோ சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டார். அவள் டின்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யாரும் போகாத பக்கமாக நடந்தாள்.

(இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. போயும் போயும் ஒரு முள்செடிக்காகவா? நேராகவே கேட்டேன். மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நீ என்னைக்காவது ஒரு செடியக் கண்டுபிடிச்சிருக்கியா?” என்றாள். இல்லை. மேலே எழுதுகிறேன்.)

5

கோபத்தில் நடந்தவள் இன்னொரு செடியில் போய் முட்டிக்கொண்டாள். மொட்டையாய்ப் போனதைவிடப் பெரியது. கறுகறுவென்று, கிளை தாங்காமல். தொட்டதும் தொடாததுமாகப் பழம் டின்னுக்குள் விழுந்தது.

“இருக்கீங்களா?”

அம்மா “இருக்கேன்” என்றாள். அடுத்தது இவள் முறை.

பதில் சொன்னால் இந்தப் பக்கம்தான் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். அப்பா வருவார். “அடேயப்பா!” என்பார். அடுத்த வாரம் மேனேஜரின் மச்சானுக்கும் தெரிந்துவிடும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பறித்தாள்.

“ஏய்… இருக்கியா?” இரண்டாவது தடவை, சத்தமாக. குரலில் இன்னும் விளையாட்டு இருந்தது.

பறித்தாள்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அது வேறு குரல். அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும். மூச்சு இரைத்தது, அவள் பெயர் பாதியில் உடைந்தது. ‘சொல்லிடலாம்’ என்று நினைத்தாள். இன்னும் ஒரு கிளைதான் பாக்கி. அதை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று கையை நீட்டினாள்.

அப்புறம் கல் சரிகிற சத்தம். அதுவும் நன்றாகவே கேட்டது.

குவாரி விளிம்பைப் புதர் மூடியிருந்தது. அப்பா அவளைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் வந்திருக்கிறார்.

6

ஆட்கள் வந்து தூக்கினார்கள். இடுப்பும் காலும் போயிருந்தன. நிறைந்த டின்னோடு புதருக்குள்ளிருந்து வந்து நின்றவளை அம்மா உலுக்கினாள். “ஏன்டி பதில் சொல்லல? தொண்டை கிழியக் கத்தினாரே மனுஷன்!”

“கேக்கல.”

அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சமயத்துக்கு வாயில் வந்த ஒரு சொல். எல்லாப் பிள்ளைகளும் சொல்வது. வேறு குடும்பமாக இருந்தால் இரண்டு அறை விழுந்து, நான்கு நாள் சாப்பாடு இறங்காமல், விஷயம் முடிந்திருக்கும். இவர்கள் நம்பிவிட்டார்கள். அந்தக் குரலுக்கு ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் இருக்குமா? இருக்காது. அப்படியானால் காதில்தான் ஏதோ கோளாறு.

கட்டுப் போட்ட காலோடு அப்பாவே அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். பஸ்ஸில். காதில் மாட்டிய கருவியில் ‘பீப்’ கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா நீட்டிய காலோடு உட்கார்ந்து, அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவளுக்கு எல்லாம் கேட்டது. இப்போது அழுத்தினால் அன்று ஏன் சொல்லவில்லை என்றாகிவிடும். மூன்று வந்தால் ஒன்றுக்கு அழுத்தினாள்.

இரண்டு காதும் மந்தம் என்றார் டாக்டர்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் வலியில் ஒரு தடவை அவளைத் திட்டியிருந்தார். அவள் காதருகே குனிந்து, உரக்க, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்: “தெரியாம திட்டிட்டேம்மா! மனசுல வச்சுக்காத!”

“அங்கயே சொல்லியிருக்கணும்” என்றாள் என்னிடம். “அவரு மன்னிப்புக் கேட்டதுக்கு அப்புறம் எந்த வாயால சொல்றது?”

பிறகு எல்லாம் அதன் போக்கில் நடந்தது. அப்பாவால் லிப்ட் குழிக்குள் இறங்க முடியாமல், கம்பெனியில் போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்தபோதெல்லாம், “பொண்ணுக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்று அப்பாவே முதலில் சொல்லிவிடுவார். யாரையும் ஏமாற்றத் தெரியாத மனிதர். குடும்பம் அதற்குப் பிறகு பழம் பறிக்கப் போகவே இல்லை.

7

இப்போது.

அந்த அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. காற்று மட்டும் மிச்சம். பக்கத்தில் போனால் நமக்குப் புரியும். ஆனால் கத்த முடியாது. கத்த முடியாது என்பதால், மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவளுக்கு எட்டாது என்று நினைக்கிறார்.

தினமும் மத்தியானம் என்னைக் கேட்பார்: “அவ சாப்டாளா?”

அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். காதில் பேட்டரி போடாத கேட்புக் கருவி. நான் திரும்பி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கத்துவேன்: “அக்கா! மாமா கேக்குறாரு! சாப்டீங்களான்னு!” அவள் தலையாட்டுவாள். அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொள்வார். எல்லாம் தெரிந்த பிறகும் நான் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

8

போன வாரம் மாமா அந்தச் சரிவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். ரேடியோவுக்குச் சொல்ல வேண்டுமா? “ஞாயித்துக்கிழம போறோம்! கார்லயே உக்காந்து பாருங்கப்பா, நாங்க பறிச்சுக் கொண்டாந்து குடுக்குறோம்! அக்கா! பழம்! பழம் பறிக்க!” என்று அவள் முகத்துக்கு நேரே கைகளை ஆட்டிக் காட்டினார்.

அன்று மத்தியானம் அவள் என்னிடம் சொன்னாள்: “அங்க போனா அவரு ‘இருக்கீங்களா’ன்னு கேப்பாரு. காத்தாவது வரும். என்னைக் கார் பக்கத்துலதான் நிக்க வைப்பீங்க. நான் என்ன செய்யணும்னு நீ எழுதிக் குடு. அதையே செஞ்சிடறேன்.”

எனக்கு இதுவரை இப்படி ஒரு வாசகி வாய்த்ததில்லை. வாய்க்காமலே இருந்திருக்கலாம். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று. அவள் “இருக்கேம்ப்பா” என்கிறாள். அவர் அழுகிறார், இவள் அழுகிறாள், பழம் இனிக்கிறது. (அடுத்த வரியில், காரின் பின்சீட்டில் ஒரு கிழவர் எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போடத் தொடங்குவார். பஸ், டாக்டர், மன்னிப்பு, வந்துபோன மாப்பிள்ளைகள். தன் கால் ஒரு செடிக்காகப் போனது என்று அவருக்குத் தெரிந்துபோகும். அந்த வரியை நான் எழுதவில்லை.) படித்துவிட்டு, “இதுல அழுறது யாரு, அவரா நீயா?” என்றாள்.

முடிவு இரண்டு. அவள் பதில் சொல்லவில்லை. அவர் போகிறவரை சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்துக் கொடுத்தாள். சலவைக்கூடத்து மடிப்பு, ஓரம் பிசகவில்லை.

முடிவு மூன்று. அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். அன்றே தெரியும். தெரிந்தும்—

“இது பொய்” என்றாள். இவ்வளவு கோபத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. “தெரிஞ்சிருந்தா கட்டுக் கட்டின காலோட பஸ் ஏறியிருப்பாரா? அவருக்குத் தெரியாது. அதுதான் விஷயமே. எனக்கு வசதியா எழுதாத.”

உண்மைதான். ஒரு கதாபாத்திரத்தைச் செலவில்லாமல் மன்னிக்க, எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த சுலபமான வழி அது. அடித்துவிட்டேன்.

நான்காவதாக, மாமா கேட்கும் கேள்வியோடு நிறுத்தி, கீழே வெற்றிடம் விட்டுக் கொடுத்தேன்.

9

இன்று சனிக்கிழமை மத்தியானம். நாளைப் பயணத்துக்காக ரேடியோ காருக்குக் காற்றடிக்கப் போயிருக்கிறார். வீடு அபூர்வமாக அமைதியாக இருக்கிறது. கூடத்தில் ஜன்னலோரம் மாமாவின் கட்டில். பக்கத்து நாற்காலியில் அவள் துண்டு மடித்துக்கொண்டிருக்கிறாள். மடியில் என் தாள், வெற்றிடம் மேலே தெரியும்படி. நான் மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன்.

“அவ சாப்டாளா?”

வழக்கப்படி அவள் பக்கம் திரும்பினேன். வாயையும் திறந்துவிட்டேன். பிறகு மூடிக்கொண்டேன்.

எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று நினைத்திருப்பார். மறுபடியும் கேட்டார். “ஏம்மா… அவ சாப்டாளா?”

அவளுடைய கை துண்டின் மேல் நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள், அவரை அல்ல. ‘கத்தேன்’ என்று கெஞ்சும் பார்வை. மாமாவின் குரல் போன நாளிலிருந்து நான் இவர்கள் இருவருக்கும் நடுவில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். கதை எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு இத்தனை பக்கமும் அதையேதான் செய்திருக்கிறேன். எனக்குப் பாவமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஆனால் இனிமேல் கத்தமாட்டேன்.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவர் கேட்டது அவளுக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டது.

எனக்குப் பின்னால், மூன்றாவது தடவை கேட்பதற்காக மாமா மூச்சை இழுக்கிறார். அவர் இழுத்து முடிப்பதற்குள் என்ன நடக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.