ஹப்பா, ஸ்டேஷனா?

என் புருஷன் லியோனின் லேப்டொப்பில் இருப்பது ஒரே ஒரு துளை. அதில் மவுஸையும் பெரிய திரையையும் சேர்த்து மாட்ட, சின்ன ஹப் வாங்குவதா, டொக்கிங் ஸ்டேஷன் வாங்குவதா என்று வாரக்கணக்கில் இணையக் கடைகளை மேய்ந்துகொண்டிருந்தார்.

"ஸ்டேஷனா இல்லையா? இன்னைக்கே முடிவு சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளுக்கு ஒரே சுவர்; அதற்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பிலோமினம்மாவுக்குக் காது கூர்மை. நான் தெரணியகலை பொலிஸ் ஸ்டேஷனுக்குத்தான் கிளம்புகிறேன் என்று நினைத்து, தொழிற்சங்கத் தலைவரையே கூட்டிவந்துவிட்டார்.

"புருஷன் பொஞ்சாதி சண்டைக்கு ஸ்டேஷன் எதுக்கும்மா? பேசி முடிப்போம்," என்று தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

லியோன் விடவில்லை. ஃபோனை நீட்டி அவருக்கும் விளக்கினார். "ஸ்டேஷன்தாங்க நல்லது. என்ன, அதுக்குத் தனியா ஒரு ப்ளக் வேணும்."

வீட்டிலிருந்த ஒரே ப்ளக்கில் என் ரைஸ் குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அதுல கைய வச்சீங்க, நெசமாவே பொலிஸுக்குத்தான் போவேன்," என்றேன்.

"ஹப்பே போதும்," என்றார் லியோன்.

தலைவர் வாசலில் நின்று லயம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்: "நான் இருக்கிற வரைக்கும் இந்த லயத்துல ஒருத்தரும் ஸ்டேஷன் பக்கமே போக மாட்டாங்க!"