வெண்ணெய்த் தட்டில் இருந்த பிலிம்

எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் வெண்ணெய் வைக்கும் தட்டு ஒருநாளும் வெண்ணெய்க்குக் கிடைத்ததில்லை. அது றிபாத்தின் பிலிம் ரோல்களுக்கு. எங்கள் மேல் அறையில் வாடகைக்கு இருந்த பலஸ்தீனன் அவன். சண்டை நடக்கும் இடங்களுக்குப் போய்ப் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவன். சனம் ஓடிவரும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடுவதுதான் அவன் உத்தியோகம். நாங்கள் மன்னாரிலிருந்து சரியான திசையில் ஓடி இங்கிலீஷ்காரர் நாட்டில் ஃபாரஸ்ட் கேட் வந்து சேர்ந்தவர்கள். ஆகவே அவனைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் பயமும் வரும்.

பெய்ரூத்தில் குண்டுகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துப் பரிசு வாங்கிய இந்த வீரன், என் மனைவி மெற்றில்டாவின் குரல் கேட்டால் இரண்டு படி பின்வாங்குவான். எங்கள் குளியலறையைத்தான் அவன் இருட்டறையாக்கிப் படம் கழுவுவான்.

"தம்பி, உம்மட மருந்துத் தண்ணியிலயோ நாங்கள் முகம் கழுவுறது?" என்பாள். அவன் ஸொறி சொல்லித் தொட்டியைத் தேய்ப்பான்.

ஆயிரம் தாய்மாரைப் படம் எடுத்தவனிடம் சொந்தத் தாயின் படம் ஒன்றுகூட இல்லை. காஸாவில் ஒரு முகாமில் இருந்த அந்த மனுஷி கமராவைக் கண்டால் கையைத் தூக்கி மறித்துவிடுவாளாம். "ஏதும் கெட்டது நடந்த ஆக்களைத்தான் நீ படம் எடுக்கிறாய். எனக்கு இன்னும் ஒண்டும் நடக்கேல்லை" என்பாளாம். இதை அவன் சொன்னது அரைகுறை இங்கிலீஷில், நான் கேட்டதும் அரைகுறை இங்கிலீஷில். இங்கே எங்கள் தமிழில் எழுதிவிடுகிறேன், அவன் கோபிக்கமாட்டான்.

1989 மே மாதம் ஒரு சனிக்கிழமை அவன் காஸாவிலிருந்து திரும்பினான். மறுநாள் எங்கள் மகள் பியற்றிஸுக்கு முதல் நன்மை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். படம் எடுக்கப்போவது பேப்பரில் படம் வருகிற ஆள் என்று மெற்றில்டா கோயில் பங்குச் சனம் முழுவதுக்கும் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் ஞாயிறு காலை அவனுடைய ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. கொடுத்த படங்களுக்கு விபரம் எழுத உடனே வரட்டாம். றிபாத் சப்பாத்தை அரைவாசி போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"கஸ்பர், நீயே எடு. பிரிட்ஜில பிலிம் இருக்கு!"

திறந்து பார்த்தேன். பெட்டி உடைக்காத ரோல் மூன்று. பெட்டியில்லாத ரோல் ஒன்று, பிலிம் நுனியை நாக்குப் போல வெளியே நீட்டியபடி. மெற்றில்டாவின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. திறந்த பால் முடியுமுன் புதுப் பால் திறக்கக் கூடாது. பாணுக்கும் அதே, பிஸ்கட்டுக்கும் அதே. பத்து வருஷம் அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த மனிதன் எந்த ரோலை எடுப்பான்? என் பழைய கமராவில் அதைப் போட்டு, முப்பத்தாறு படத்தையும் எடுத்து முடித்தேன்.

மாலையில் றிபாத் வந்து பிரிட்ஜைத் திறந்தான். திறந்தபடியே நின்றான்.

"நாக்கு வெளியில இருந்த ரோல் எங்க?"

"அதிலதான் எடுத்தனான். திறந்ததை முதல் முடிப்பம் எண்டு..."

அவன் குசினி நிலத்தில் இருந்துவிட்டான். "அது எடுத்து முடிஞ்ச ரோல், கஸ்பர்."

எடுத்து முடிந்த பிலிமை முழுவதும் உள்ளே சுற்றிவிடுவதுதான் வழக்கம். நாக்கு வெளியே தெரிந்தால் புதுசு. வழியில் சோதிப்பவர்கள் எடுத்து முடிந்த ரோல்களைத்தான் உருவி வெளிச்சம் காட்டிப் பழுதாக்குவார்கள். அதனால் இந்த ஒன்றில் மட்டும் வேண்டுமென்றே நாக்கை வெளியே விட்டிருந்தான். துவக்கோடு நின்றவர்கள் ஏமாந்தார்கள். பிறகு நான் ஏமாந்தேன்.

"அதில என்ன இருந்தது?"

"அம்மா. ஒரேயொரு படம். நான் வெளிக்கிட்ட நாள் வாசல்ல நிண்டு, சரி எடு எண்டவ. நான் பட்டனை அமத்தேக்க பழைய பழக்கத்தில கையைத் தூக்கிப்போட்டா. இனி என்னை அங்க போக விடுவினமோ தெரியாது."

மெற்றில்டாதான் போய்க் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"போய்க் கழுவும், தம்பி. இண்டைக்கு இந்த வீட்டில ஒருத்தரும் குளிக்கப்போறேல்லை."

பிலிமைக் கழுவி, மெற்றில்டாவின் தலைமயிர் உலர்த்தும் மெஷினால் காயவைத்து, சிவப்புப் பல்பின் கீழ் ஒவ்வொன்றாகக் கடதாசியில் எடுத்தோம். ஒரு படத்துக்கு மேல் இன்னொரு படம் ஏறி எல்லாம் குழம்பிக் கிடந்தது. இடிந்த சுவருக்குள் எங்கள் பாதிரியார் நின்றார். மச்சான் செபமாலைமுத்துவின் வயிற்றுக்குள்ளால் ஒரு கழுதை வண்டி போனது. வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

கடைசிக்கு முந்தின கடதாசியை மருந்தில் போட்டான். முதலில் பியற்றிஸின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. பூசை முடிந்ததும் பெரியவர்களுக்கு முன்னால் குனிந்து நெற்றியில் சிலுவை வாங்குவது எங்கள் வழக்கம். பிள்ளை குனிந்து நின்றாள். சிலுவை போட வேண்டிய பெரியம்மாவை நான் வழக்கம்போலப் படத்துக்கு வெளியே விட்டிருந்தேன். அவர் நின்றிருக்க வேண்டிய இடம் வெறும் கோயில் இருட்டு.

அந்த இருட்டில் ஒரு முகம் வந்தது. சுருக்கம் விழுந்த, வெயிலுக்குக் கண் இடுங்கிய முகம். பிறகு கை வந்தது. மகனின் கமராவை மறிக்கத் தூக்கிய கை, என் மகளின் தலைக்கு நேரே நின்றது.

றிபாத் அழுதான். நானும் அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெற்றில்டா எட்டிப் பார்த்தாள்.

"ஆர் இந்த அம்மா?"

"என்ர அம்மா."

"அப்ப விசா ஆர் குடுத்தது?"

அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். விசாவுக்காக வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு விளங்கும்.

படத்தின் பிரதி ஒன்று காஸாவுக்குப் போனது. ஓகஸ்டில் பதில் வந்தது. குசினி மேசையில் வைத்து அவன் எங்களுக்கு வாசித்துச் சொன்னான். "பிள்ளை ஏன் இவ்வளவு மெலிவு? தாய் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று தொடங்கியது கடிதம். மெற்றில்டாவின் முகம் போன போக்கைப் படம் எடுத்திருக்கலாம். அடுத்த வரியில் அவன் குரல் தணிந்தது. "இந்தப் படத்தில ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. நீ எடுத்ததுக்குள்ள இதுதான் நல்ல படம். சுவரில கொழுவியிருக்கிறன்."

மூன்று நாள் அவன் பதில் எழுதவில்லை. பரிசு வாங்கிய ஆள் அல்லவா, நானும் கேட்கவில்லை. நாலாம் நாள் பேனையோடு கீழே இறங்கி வந்தான்.

"அம்மாவுக்குப் பொய் எழுத ஏலாது" என்றான். "அது நான் தனிய எடுத்த படமில்லை. உன்ர முழுப் பேரைச் சொல்லு, கஸ்பர்."